நலேடி மனிதனுக்கு உரிய இடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் மனிதப் பரிணாமம் குறித்து வெளிவந்த கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். ஆனால் அதனுடன் வெளியான படத்தில், ஹோமோ நலேடி என்னும் அழிந்துபோன மனித இனத்தை, பழைய மனித இனங்களான ஹோமோ ஹாபிலிசுக்கும் ஹோமோ எரெக்டசுக்கும் நடுவே நிறுத்தி, நம் நேரடி மூதாதையர் வரிசையில் சேர்த்திருப்பது சரியன்று.

தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க் நகருக்கு அருகேயுள்ள ரைசிங் ஸ்டார் குகையில் 2013ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்டு, தொல்மானுடவியல் அறிஞர் லீ பெர்கர் தலைமையிலான குழுவினரால் 2015இல் அறிவிக்கப்பட்ட இந்த இனத்தின் எலும்புகள் குறைந்தது 15 பேருடையவை. மண்டையோட்டின் கொள்ளளவு 465 முதல் 610 கன சென்டிமீட்டர் வரைதான். நம்முடையதில் பாதிகூட இல்லை. தோளும் இடுப்பும், மனிதனுக்கு முந்தைய, குரங்கின் சாயல் கொண்ட ஆஸ்திரலோபிதிகஸ் இனங்களை நினைவூட்டுகின்றன. பாதமோ ஏறக்குறைய நம்முடைய பாதம். மணிக்கட்டு கருவியைக் கையாளத் தக்கதாக இருக்க, விரல்கள் மரமேறுவதற்கு ஏற்ப வளைந்திருக்கின்றன. இப்படியோர் உடலுக்கு 20 லட்சம் ஆண்டு வயது இருக்கலாம் என்று முதலில் சிலர் எண்ணியதில் வியப்பில்லை. தங்கள் ஓவியரும் உருவத்தைப் பார்த்தே இடம் ஒதுக்கிவிட்டார் போலும்.

2017இல் பற்களையும், எலும்புகள் கிடந்த அறையின் சுண்ணப் படிவுகளையும் ஆய்ந்து கணித்தபோது, அவற்றின் காலம் இன்றைக்கு 3,35,000 முதல் 2,36,000 ஆண்டுகளுக்கு முன்பு என்று தெரியவந்தது. அதே ஆண்டில்தான் மொராக்கோவின் ஜெபல் இர்ஹூதில் கிடைத்த, நம் இனத்தின் தொடக்கநிலைக்குரிய எலும்புகள் சுமார் 3 லட்சம் ஆண்டுப் பழமையானவை என்பதும் வெளியாயிற்று. ஆகவே நலேடி, மிகப் பழங்காலத்திலேயே தனியே பிரிந்து, நம் இனம் உருவாகி வந்த காலம் வரை ஆப்பிரிக்காவின் தென்கோடியில் நீடித்த ஒரு பக்கக் கிளை என்று கொள்வதே பொருத்தமாகும். அது எப்போது பிரிந்தது என்பதைத் தீர்மானிக்க உதவும் மரபணு இன்னும் கிடைக்கவில்லை.

இதனால் எழும் சிக்கல் ஒன்றைக் கட்டுரை தொடவே இல்லை. அக்காலத்துக் கற்கருவிகள் தென்னாப்பிரிக்காவில் ஏராளமாகக் கிடைக்கின்றன. அவற்றைப் பெரிய மூளை கொண்டோரே செய்தனர் என்று இனி ஐயமின்றிச் சொல்ல முடியுமா? நம் கொற்றலை ஆற்றங்கரையின் அத்திரம்பாக்கத்திலும் ஏறத்தாழ 3,85,000 ஆண்டுப் பழமையான கருவிகள் உள்ளன. செய்தவர்களின் எலும்பு ஒன்றுகூட அங்கே கிடைக்கவில்லை.

மேலும், நலேடி மனிதர்கள் இறந்தோரைப் புதைத்தனர், பாறையில் கீறல்கள் வரைந்தனர் என்பதை நிறுவப்பட்ட உண்மையாகவே கட்டுரை கூறுகிறது. 2023 ஜூன் மாதம் பெர்கர் குழுவினர் தம் ஆய்வுக் கட்டுரைகளில் இவ்வாறு அறிவித்தபோது, அக்கட்டுரைகளை மதிப்பிட்ட அறிஞர்கள் சான்றுகள் போதா என்று வெளிப்படையாகவே எழுதினர். அதைப் பொருட்படுத்தாமல் அடுத்த மாதமே இதைப் பற்றிய ஆவணப்படமும் வெளியானது எனக்கு உவப்பாக இல்லை. கூடுதல் விவரங்களுடன் புதைத்தல் பற்றிய அந்த ஆய்வுக் கட்டுரை திருத்தப்பட்ட பின்பும் கருத்து வேறுபாடு நீடிக்கிறது. உடல்கள் அந்த இடுக்கான அறைக்கு எப்படிச் சென்றன என்பது உண்மையான புதிர்தான். அதற்குப் புதைத்தல் ஒரு விடையாகலாம்.

படத்தைத் திருத்தி மறுபடி வெளியிடும்போது, மறுப்புரைத்தோரின் வாதங்களையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
தஞ்சாவூர்.