பைட் பேசாது, நீங்கதான் எழுதணும்: மெயின்டெய்னர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

பைட்ட வாங்கி வேல்யூவா மாத்திக் குடுக்கற உங்க பைனரி டீகோடர் லைப்ரரியோட டாக்குமென்டேஷன் பத்தி நான் புகாரா போட்ட இஷ்யூவ போன வாரம் "கோட்ல தப்பு இல்ல"ன்னு ஒத்த வரியில மூடிட்டீங்க. கோட்ல தப்புன்னு நான் சொல்லவே இல்லயே, எழுதி வைக்கலன்னுதான் சொன்னேன். எந்த பைட் உள்ள போனா என்ன வேல்யூ வெளிய வரும், எப்ப எரர் வரும்னு ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் எழுதுங்க, அவ்வளவுதான் கேட்டது.

எனக்கு ஏன் இவ்வளவு ஆதங்கம்னா, ஃப்ரீசர் சென்சார்ல இருந்து ப்ரோட்டோபஃப் (டேட்டாவ பைட்டா சுருக்கி அனுப்பற ஒரு ஃபார்மட்) டேட்டா வருது, உள்ள மைனஸ் 18 டிகிரி, ஸ்க்ரீன்ல 35ன்னு காட்டுது. அலாரம் அடிச்சு ஆள் ஓடிப்போய் கதவத் தொறந்து பாத்தா ஐஸ் கல்லு மாதிரி அப்படியே இருக்கு. சென்சார மாத்துனோம், வயர மாத்துனோம், ரெண்டு ராத்திரி தூக்கம் போச்சு. கடைசில லாக்க வரி வரியா பாத்துட்டே வந்தப்பதான் 33, 35, 37, திரும்ப 35ன்னு எல்லாமே ஒற்றைப்படையா இருக்கேன்னு கண்ணுல பட்டுச்சு. சென்சார் பக்கம் ஸிக்ஸாக் என்கோடிங், அதாவது மைனஸ் நம்பரையும் ப்ளஸ் நம்பரா மாத்தி அனுப்பற முறை! அதுல மைனஸ் 1 வந்து 1 ஆகும், 1 வந்து 2 ஆகும், மைனஸ் 2 வந்து 3, அப்படியே போனா மைனஸ் 18க்கு 35. உங்க டீகோடர் அதத் திருப்பி மாத்தாம அப்படியே குடுத்திருக்கு. மாத்தச் சொல்ல ஒரு ஆப்ஷனல் ஆர்க்யூமென்ட் இருக்குங்கறதே, டெஸ்ட் ஃபோல்டர்ல ஏதோ ஒரு ஃபைல்ல அத பாஸ் பண்ணியிருந்தத பாத்துதான் தெரிஞ்சுது. டாக்குமென்டேஷன்ல அந்த ஃபங்ஷனுக்கு இருக்கறது "டேட்டாவை டீகோட் செய்யும்", மூணே வார்த்தை.

ஸிக்ஸாக் இல்லாத சாதா இன்ட்32ல (ப்ரோட்டோபஃப்ல முழு எண்ணுக்கான ஒரு டைப்) மைனஸ் 1 வந்தா 10 பைட், ஒம்பது தடவ 255, கடைசில ஒரு 1. அத அன்சைன்டா, அதாவது மைனஸே இல்லாத நம்பரா படிச்சா 18446744073709551615ன்னு வரும், பாத்த உடனே ஏதோ தப்புன்னு தெரிஞ்சிரும். 35 அப்படி இல்லங்க, அது நல்ல டெம்பரேச்சர் மாதிரியே இருக்கு. டேட்டால 1ங்கற பைட் வந்தா அது 1ஆ, ட்ரூவா, மைனஸ் 1ஆன்னு அந்த பைட்டே சொல்லாது. இந்த மாதிரி லைப்ரரிக்கு டாக்குமென்டேஷன் இல்லன்னா பாதி லைப்ரரிதான் இருக்கு.

"கோடைப் படிங்க, தெரியும்"னு எல்லா இடத்துலயும் இதே பதில்தான், கேட்டு கேட்டு சலிச்சுப் போச்சு. பஃபர், அதாவது உள்ள வர்ற பைட் வரிசை, பாதியில அறுந்து போனா உங்க டீகோடர் அதுவரைக்கும் வந்தத மட்டும் குடுத்துட்டு சத்தமில்லாம நின்னுருது. கோடப் படிச்சா இது தெரியுது, சரி. ஆனா வேணும்னே அப்படி வச்சீங்களா, இல்ல அது ஒரு பிழையா, அடுத்த வெர்ஷன்ல எரரா மாறிருமா? இதுல எதயும் நான் கோட்ல தேடிக் கண்டுபிடிக்க முடியாது. இத நம்பி இன்னொருத்தர் சிஸ்டம் கட்டுறாங்க.

நீங்க சம்பளம் இல்லாம பாக்கற வேலைன்னு எனக்குத் தெரியும், டீகோடர் வேகமும் நல்லாருக்கு, அதுல குறையே இல்ல. சிபார்னு இன்னொரு பைனரி ஃபார்மட், அதோட விதிகள எழுதி வச்ச ஸ்பெக், 2020ல வந்த ஆர்எஃப்சி 8949, அதோட பின்னிணைப்புல வேல்யூ ஒரு பக்கம் பைட் ஒரு பக்கம்னு டேபிளே போட்டிருக்காங்க, புதுசா வர்றவங்க அத வச்சே தன் கோட செக் பண்ணிக்கலாம். அந்த மாதிரி ஒரு பக்கம் போதும். எந்த பைட்டுக்கு என்ன வேல்யூ, எப்ப எரர், திரும்பவும் அதேதான் கேக்கறேன்.

தயவுசெஞ்சு அந்த இஷ்யூவ திரும்பத் தொறங்க. நானே டேபிள் எழுத ஆரம்பிச்சுட்டேன்: 127 வரைக்கும் இருக்கற நம்பருக்கு ஒரு பைட், 128ல இருந்து ரெண்டு, 300ன்னா 172ங்கற பைட் அப்புறம் 2ங்கற பைட், ஸிக்ஸாக்குக்கு தனி வரிசை. பஃபர் அறுந்தா என்னங்கற கட்டம் மட்டும் காலியா கெடக்கு, அத நீங்கதான் நிரப்பணும்.

இப்படிக்கு,
உங்க லைப்ரரிய தினமும் யூஸ் பண்றவன்