வாசகர் வட்டத்தின் ஆண்டறிக்கை

தலைவருக்கும் வந்திருக்கும் பன்னிரண்டு உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராத முப்பத்தொரு பேருக்கு இந்த அறிக்கை வாட்ஸ்அப்பில் வரும்.

பொங்கல் சந்திப்பு நடந்தது. நூலக வார விழா நடந்தது. சிறுவர் கதைப்போட்டி மழையால் தள்ளிப்போனது, அப்புறம் நடக்கவில்லை.

செயலாளரான நான் என் விருப்பத்தைத் திணித்தேன் என்று ஒரு பேச்சு இருக்கிறது. போர்ச்சுகல் பற்றிய நான்கு மாதத் தொடர் வாசிப்பைத்தான் சொல்கிறார்கள். அது நமக்கெதற்கு என்று கேட்டவர்கள் ஒரு கூட்டத்துக்காவது வந்திருக்கலாம். 1974 ஏப்ரல் 25 அன்று ராணுவ அதிகாரிகளே அங்கே சர்வாதிகாரத்தைக் கவிழ்த்தார்கள். படைவீரர்களின் துப்பாக்கி முனையில் கார்னேஷன் பூவைச் செருகியது வரை எல்லோருக்கும் தெரியும். அடுத்த ஒன்றரை வருடக் குழப்பம்தான் நாம் படிக்க வேண்டியது. 1975 நவம்பர் 25 அன்று இடதுசாரிப் படைப்பிரிவுகள் கிளர்ந்தபோது அடக்கும் பொறுப்பு லெப்டினன்ட் கர்னல் ரமால்யு இயானிஷிடம் வந்தது. அடக்கினார். அதே சூட்டில் நாற்காலியையும் பிடித்திருக்கலாம். அவரோ 1976 ஜூன் தேர்தலில் நின்று, 61 சதவீத வாக்கு வாங்கி ஜனாதிபதியானார். 1980இல் மறுபடி வென்றார். 1982இல் அரசியல் சட்டத்தைத் திருத்தி, ராணுவத்தாரின் புரட்சிக் கவுன்சிலைக் கலைத்து, ஜனாதிபதியின் அதிகாரத்தையும் குறைத்தார்கள். டாங்கி எதுவும் தெருவுக்கு வரவில்லை.

நான் அவரைத் துதிபாடவில்லை. பின்னாளில் அவர் தலைமையேற்ற கட்சி 1987 தேர்தலில் மண்ணைக் கவ்வியதையும் பேசினோம். அன்று வந்தது நான்கு பேர், என்னையும் சேர்த்து.

1984இல் ஜனாதிபதிக்கான படியையும் ராணுவ ஓய்வூதியத்தையும் சேர்த்து வாங்க முடியாதபடி ஒரு சட்டம் வந்தது. அடிபட்டவர் அவர், கையெழுத்திட்டவரும் அவரே. பல ஆண்டுகள் கழித்து அது சரிசெய்யப்பட்டபோது, பத்து லட்சம் யூரோவைத் தாண்டிய நிலுவையை வேண்டாம் என்றுவிட்டார்.

நிலுவை என்றதும் ஞாபகம் வருகிறது. நம் ஆண்டுச் சந்தா 300 ரூபாய். பத்தொன்பது பேர் தரவில்லை, மூவர் இரண்டு வருடமாக. பெயர் சொல்லப்போவதில்லை. ஒருவர் முன்வரிசையில்தான் இருக்கிறார்.

வரவு செலவு ஏறக்குறைய சரியாகவே இருக்கிறது. டீ, போண்டாச் செலவு கொஞ்சம் கூடியது. ஜெராக்ஸ் செலவு அதிகம் என்பவர்களுக்கு: அதில் பாதி என் கைக்காசு. மற்ற விவரம் பொருளாளரிடம் கேட்கலாம். அவர் இன்று வரவில்லை.

இடம் தந்த நூலகருக்கும், நாற்காலி போட்ட தம்பிகளுக்கும், தலைவருக்கும் நன்றி.

இயானிஷ் இரண்டு முறை இருந்துவிட்டு 1986 மார்ச்சில் அடுத்த ஜனாதிபதி சோவாரிஷிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டுப் போனார். எனக்கும் இத்துடன் இரண்டாவது முறை முடிகிறது. செயலாளராக விரும்புவோர் டீக்கு முன் பெயர் கொடுக்கலாம். சந்தா பாக்கி இருக்கக் கூடாது என்பது விதி. அப்படிப் பார்த்தால் எத்தனை பேர் தேறுவார்கள் என்று தெரியவில்லை. சரி, யாருமே வராவிட்டால் பார்ப்போம். அடுத்த தொடருக்கு தென்கொரியாவின் முன்னாள் ஜனாதிபதி ரோ டே வூ பற்றிக் கொஞ்சம் படித்து வைத்திருக்கிறேன்.