குளம் இல்லாத குளக்கரை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆரல்வாய்மொழிக்குத் தெற்கே எங்கள் ஊர்ப் புஞ்சைக்காட்டில் ஒரு மண்மேடு கிடக்கிறது. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, 140 மீட்டர் நீளம். போன மாதம் அதன் வடக்கு முனையை ஜேசிபி வைத்து அள்ளி டிப்பரில் கொண்டுபோய்விட்டார்கள். கேட்டால், "குளக்கரை மண்தானே" என்கிறார்கள்.

நில அளவையராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பதிவேட்டிலும் குளக்கரை என்றுதான் இருக்கிறது. 1988-இல் சங்கிலி பிடித்து அளந்தபோது நானும் மறுபேச்சில்லாமல் அப்படியே எழுதினேன். அது இன்றைக்கு மனதை உறுத்துகிறது. ஏனென்றால் அங்கே குளம் இல்லை. தண்ணீர் திறக்கும் மடை இல்லை, மிகுநீர் வழியும் மறுகால் இல்லை. நம் பக்கத்துக் குளக்கரை பிறை மாதிரி வளைந்து போகும். இது தெற்கு வடக்காக நூல் பிடித்தமாதிரி போகிறது. கிழக்கு ஓரத்தில் மட்டும் பாதி தூர்ந்த பள்ளம்.

வெட்டிய இடத்தில் நின்று பார்த்தேன். மேலே ஒரு முழம் செம்மண். அதற்குக் கீழே கரம்பையும் சரளையும் மாறி மாறி, இடித்துக் கெட்டித்த அடுக்குகள். அடியில், கிழக்கு முகத்தில், சுண்ணாம்பு இல்லாமல் அடுக்கிய இரண்டு வரிசைக் கல். அந்தப் பக்கம் தரை சரிந்து இறங்குகிறது, தண்ணீர் நிற்க வழியே இல்லை.

ஆரல்வாய்மொழிக் கணவாயை அடைத்துத் திருவிதாங்கூர் அரசு அரண் கட்டியிருந்தது தெரிந்த செய்தி. திருவிதாங்கூர் திவான் வேலுத்தம்பி தளவாய் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தபோது, கிழக்கே இருந்து வந்த கர்னல் செயின்ட் லெஜரின் கம்பெனிப் படை 1809 பிப்ரவரி 10-இல் அதைப் பிடித்தது. மேஜர் வெல்ஷ் ஆட்களோடு இரவில் மலையேறி உள்ளே புகுந்தார். இந்த மேடு அந்த அரணின் ஒரு துண்டாக இருக்கலாம்.

ஆனால் என் ஆச்சி இதைத் தம்பிமார் சண்டையில் போட்ட மேடு என்பாள். 1729-இல் மருமக்கள் வழிப்படி, அதாவது மகனுக்குப் பதில் சகோதரி மகனுக்கு உரிமை போகும் முறைப்படி, மார்த்தாண்டவர்மா பட்டத்துக்கு வந்ததும், முந்தைய ராஜாவின் மக்களான பப்புத்தம்பியும் ராமன்தம்பியும் உரிமை கேட்டு எதிர்த்தார்கள். சொந்தச் சீமைக்குள்ளேயே நடந்த சண்டை அது. வெட்டத் தொடங்கிப் பாதியில் விட்ட குளமாகவும் இருக்கலாம், அதையும் தள்ளிவிட முடியாது.

ஊர் இளைஞர்கள் வேலுத்தம்பி பெயரில் பலகை வைக்கப் புறப்பட்டிருக்கிறார்கள். ஆர்வம் நல்லதுதான், ஆனால் தம்பிகளே, கொஞ்சம் பொறுங்கள். முதலில் மண் அள்ளுவது நிற்க வேண்டும். அப்புறம் தொல்லியல் துறையினர் வந்து அந்த வெட்டு முகத்தைப் பார்க்க வேண்டும். நம் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த 1956 நவம்பர் 1-க்கு முந்தைய, திருவிதாங்கூர் கால நில ஆவணங்களோடு மாவட்ட நிர்வாகம் ஒப்பிட வேண்டும். பதிவேட்டில் உள்ள ஒற்றைச் சொல்லை நம்பி முடிவெடுக்கக் கூடாது. அதை எழுதியவர்களில் ஒருவன் சொல்கிறேன்.

ஐப்பசி மழை விழுந்தால் அந்த அடுக்குகள் கரைந்துவிடும். அதற்கு முன்னால் வாருங்கள். சங்கிலி பிடிக்க நான் வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நில அளவையர்,
தோவாளை வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்