அழிக்கச் சொன்ன படங்களைப் பற்றி

லுசாக்கா,
அக்டோபர் கடைசி

அன்புள்ள கயல்,

காட்டு நாய்க் குட்டிகளை நான் எடுத்த படங்களைப் பார்த்துவிட்டு நீ அனுப்பிய குரல் செய்தியைக் கேட்டோம். "வெளிச்சம் ரொம்ப ஹார்ஷ்மா, எல்லாத்தையும் டெலீட் பண்ணிடு" என்றாய். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். நான் ஒன்றையும் அழிக்கவில்லை. ஏன் என்று போனில் சொன்னால் பாதியிலேயே குறுக்கே பேசுவாய், அதனால்தான் கடிதம்.

நீ கல்யாணம் எடுக்கிறவள். பெண்ணையும் மாப்பிள்ளையையும் சாயங்காலம் ஐந்தரைக்குத் தோட்டத்துக்கு வரச் சொல்லலாம், அவர்களும் வருவார்கள். ஆப்பிரிக்கக் காட்டு நாய்களிடம் அந்தப் பாச்சா பலிக்காது. விடியலில் வேட்டை, அந்தியில் வேட்டை, நடுவே தூக்கம் என்பதுதான் அவற்றின் வழக்கம். நல்ல வெளிச்சத்தில் அவை ஓடிக்கொண்டே இருக்கும். நம் வண்டி போய்ச் சேருவதற்குள் மோபேன் மரங்களுக்குள் மறைந்துவிடும். வயிறு நிறைந்து ஓர் இடத்தில் தங்கும்போதுதான் ஆற அமரப் பார்க்க முடியும். அதற்குள் வெயில் ஏறியிருக்கும்.

இங்கே ஜாம்பியாவில், தெற்கு லுவாங்வா தேசியப் பூங்காவில் நாங்கள் பார்த்ததும் அப்படித்தான். காலைச் சுற்று முடிந்து முகாமுக்குத் திரும்புகிற நேரம், மணி பத்து இருக்கும். லுவாங்வா ஆறு பழைய வளைவுகளை விட்டுவிட்டுத் தடம் மாறுகிற ஆறு. விட்டுப்போன வளைவுகள் குட்டைகளாகி, இந்த மாதத்தில் பலவும் வற்றி வெறும் மணலாகக் கிடக்கும். அப்படி ஒரு மணல்வெளியின் ஓரம். பெரிய நாய்கள் கல்யாணச் சாப்பாடு முடிந்த மாமாக்கள் மாதிரி நிழலில் விழுந்து கிடந்தன. குட்டிகளுக்குத் தூக்கம் வரவில்லை. பூக்கு மானின் தோல் துண்டு ஒன்று அவற்றிடம் இருந்தது.

இங்கே இவை குட்டி போடுவது குளிர்காலத்தில், ஜூன் ஜூலை வாக்கில். கருப்பும் வெள்ளையுமாகப் பிறக்கும். அந்த மஞ்சளும் பழுப்பும் ஒன்றரை மாதத்துக்கு மேல்தான் மெல்ல ஏறும். ஆக, நாங்கள் பார்த்தவை மூன்று நான்கு மாதக் குட்டிகள், கூட்டத்தோடு ஓடத் தொடங்கிவிட்டவை. கால்தான் நீளமே தவிர அறிவு இன்னும் வரவில்லை. தோலின் ஒரு முனையை ஒருவன் கவ்வ, மறுமுனையை இரண்டு பேர் கவ்வ, பின்னங்கால்களை மணலில் ஊன்றி இழுக்கிறார்கள். திடீரென ஒருவன் விட்டுவிட, மற்ற இருவரும் குப்புற விழுகிறார்கள். விட்டவனுக்கு அதுதான் விளையாட்டு. தோலை மறந்துவிட்டு விழுந்தவன் காதைப் பிடித்துக்கொள்கிறான். கூடவே பறவை கத்துவது போல ஒரு கீச்சுச் சத்தம் ஓயாமல் வந்துகொண்டே இருக்கிறது. அது படத்தில் வராது, என்ன செய்ய.

சரி, வெளிச்சத்துக்கு வருகிறேன். அக்டோபர் கடைசியில் இங்கே சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கும். பத்து மணிக்கே பாதிக்கு மேல் ஏறிவிடும். நீ சொல்கிறபடி, அந்த நேரத்தில் நின்றுகொண்டிருக்கும் நாயை எடுத்தால் படம் தேறாது. முதுகு வெளுக்கும், வயிறு கருக்கும், கருத்த மூஞ்சிக்குள் கண் இருக்கிற இடமே தெரியாது. இதை நான் மறுக்கவில்லை. ஆனால் விளையாடுகிற குட்டி நின்றுகொண்டிருப்பதில்லையே. மல்லாந்து விழும்போது அதன் முகம் நேராகச் சூரியனைப் பார்க்கிறது. நிற்கும்போது காணாமல் போன கண், அப்போது தேன் நிறத்தில் பளிச்சென்று திறக்கிறது. மேலே ஏறி நிற்கிறவனுக்கு அடியிலிருந்து மணல் வெளிச்சம் கொடுக்கிறது. கல்யாண மண்டபத்தில் உன் உதவியாளர் வெள்ளைப் பலகையைத் தூக்கிப் பிடிப்பாரே, அந்த வேலையை இங்கே மணலே பார்க்கிறது.

இன்னொன்று, நிழல். சூரியன் உயரத்தில் இருக்கும்போது நிழல் காலடியிலேயே சுருண்டு கிடக்கும். குட்டி துள்ளியதும் நிழல் மட்டும் தரையில் தங்கிவிடும். இரண்டுக்கும் நடுவே தெரிகிற வெற்று மணல்தான் அது எவ்வளவு உயரம் துள்ளியது என்று காட்டுகிறது. சாயங்கால வெளிச்சத்தில் நிழல் நீண்டு எங்கேயோ போய்விடும், இந்தக் கணக்கு கிடைக்காது. நாலு காலும் தரையில் இல்லாத அந்தக் குட்டியின் படத்தை மறுபடி எடுத்துப் பார், நான் சொல்வது புரியும்.

எக்ஸ்போஷரை, அதாவது படத்துக்கு எவ்வளவு வெளிச்சம் என்பதை, நான் கேமராவின் மீட்டரிடம் விடவில்லை. வெளிர் மணல் அதிகம் வந்தால் அது படத்தை இருட்டாக்கும், கருத்த உடம்பு அதிகம் வந்தால் வெள்ளையை விவரமே தெரியாதபடி வெளிறச் செய்து எரித்துவிடும். இந்த நாய்களுக்கு வால் நுனி பெரும்பாலும் வெள்ளை. அந்த நுனி எரியாத அளவுக்கு மேனுவலில் வைத்துவிட்டேன்: ஐஎஸ்ஓ 400, எஃப் 8, ஷட்டர் 1/2500. மேகம் இல்லாததால் அதன் பிறகு தொடவே வேண்டியிருக்கவில்லை. எஃப் 8 எதற்கு என்று கேட்பாய். மூன்று குட்டிகள் உருளும்போது மூன்றும் ஒரே தூரத்தில் இருக்காது, லென்ஸ் துளை சிறிதாக இருந்தால்தான் மூன்றும் தெளிவாக விழும். கருப்பில் கொஞ்சம் விவரம் போயிருக்கிறது. கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கிற ரா ஃபைலில் நிழலை ஏற்றினால் வந்துவிடும், எரிந்த வெள்ளை வராது. முதுமலையில் நீ எடுத்த செந்நாய்களுக்கு உடம்பெல்லாம் ஏறக்குறைய ஒரே செம்பழுப்பு. இவை ஒரே உடம்பில் கருப்பு, வெள்ளை, மஞ்சள் மூன்றையும் சுமந்துகொண்டு திரிகின்றன. அதான் வம்பு.

சில படங்கள் மங்கலாக இருப்பதற்கு லென்ஸைக் குறை சொன்னாய். லென்ஸ் பாவம். பத்து மணிக்கு மேல் மணல் சூடேறிக் காற்று நெளியத் தொடங்கிவிடும், அந்தக் கானலுக்குள் எந்த ஃபோகஸும் நிற்காது. தூரத்தில் எடுத்தவை மங்கல், பக்கத்தில் எடுத்தவை கூர்மை, ஒப்பிட்டுப் பார். வழிகாட்டியிடம் சொல்லி இன்ஜினை அணைக்க வைத்தேன். பானெட்டுக்கு மேலாக எடுப்பதையும் விட்டுவிட்டேன். அதன் சூடே தனிக் கானல்.

மோபேன் மரத்தடிப் படங்களை மட்டும் நீ சொன்னபடி தூக்கிவிடு. உடம்பிலும் திட்டு, இலை நிழலும் திட்டு. தலை எது வால் எது என்று எனக்கே தெரியவில்லை. அதுவும் ஒரு நஷ்டம்தான், ஏனென்றால் ஒரு நாயின் திட்டுகள் இன்னொன்றுக்கு இருக்காது. ஒரே நாய்க்கே இடது பக்கம் வேறு, வலது பக்கம் வேறு. ஆய்வாளர்கள் அதை வைத்துத்தான் ஆளை அடையாளம் காண்கிறார்கள். ஆப்பிரிக்கா முழுவதிலும் சுமார் 6,600தான் மிச்சம் என்பது உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயுசிஎன் சொல்கிற கணக்கு. மான் பிடிக்க வைக்கிற கம்பிச் சுருக்குகளில் இவையும் மாட்டிக்கொள்கின்றன. கழுத்தில் கம்பி இருக்கிறதா என்று பார்க்கக்கூட ஒரு தெளிவான படம் உதவும். அந்த வேலைக்கு உன் தங்க நிற அந்தி வெளிச்சம் வேண்டாம், மொட்டை வெயிலே நல்லது. நிழலில் படுத்திருந்த ஒன்றுக்கு ரேடியோ காலர் இருந்தது. அது அழகைக் கெடுக்கிறது என்று ஃபோட்டோஷாப்பில் அழித்துவிடாதே!

எப்போது கிளம்பப் போகின்றன என்பதை எப்படித் தெரிந்துகொள்வது என்று அப்பா கேட்டதற்கு, தும்மலைக் கவனிக்கச் சொன்னார் வழிகாட்டி. போட்ஸ்வானாவின் ஒகவாங்கோவில் செய்த ஆய்வு ஒன்று 2017இல் வந்தது. வேட்டைக்குப் போகலாமா என்பதில் இவை தும்மித்தான் ஓட்டுப் போடுகின்றன போலிருக்கிறது. தலைமை நாய் எழுப்பிவிட்டால் மூன்று தும்மல் போதும், சாதாரண நாய் எழுப்பிவிட்டால் பத்து வரை வேண்டும். எங்கள் கூட்டத்தில் யாரும் தும்மவில்லை. குட்டிகள் களைத்துப்போய்ப் பெரியவர்கள் மேல் விழுந்தன, அவ்வளவுதான்.

கருப்பு வெள்ளையாக மாற்றிப் பார்க்கலாம் என்று சொன்னாயே, இரண்டு மூன்றுக்குப் பொருந்தும். எல்லாவற்றையும் மாற்றிவிடாதே. மஞ்சள் மணலில் மஞ்சள் குட்டி கரைகிற படத்தில் நிறம்தான் விஷயம்.

இங்கே நெட் இருக்கிற லட்சணத்துக்கு ரா ஃபைல்களை அனுப்ப முடியாது. சித்தி பையன் டிசம்பரில் சென்னை வருகிறான், பென்டிரைவில் கொடுத்து விடுகிறேன். தோல் இழுக்கிற படத்தில் இடது ஓரம் இன்னொரு குட்டியின் காது பாதி மட்டும் நுழைந்திருக்கிறது. அதை வெட்டு என்கிறார் அப்பா, இருக்கட்டும் என்கிறேன் நான். நீ யார் பக்கம் என்று எழுது.

அன்புடன்,
அம்மா