மோன்சாவில் ஒரே நாள் ஓடிய கார்

அன்புள்ள கயல்,

நீ உழைத்த கியர்பாக்ஸ் திட்டத்தை நிறுவனம் பாதியில் நிறுத்திவிட்டது என்று சொன்னாய். "எல்லாம் வீண், அம்மா" என்றும் சொன்னாய். அந்தச் சொல்லை நான் ஏற்கவில்லை. போனில் சொன்னால் பேச்சை மாற்றிவிடுவாய், அதனால் எழுதுகிறேன்.

நீ டூரினிலிருந்து அனுப்பிய பெட்டிதான் இப்போது என் மேசை முழுவதும் பரவிக் கிடக்கிறது. இத்தாலேரி நிறுவனத்தின் ஃபியட் 806 பந்தயக் கார் மாதிரி, துண்டு துண்டாக ஒட்டிச் சேர்ப்பது, 1:12 அளவு. உன் ஊரில் பிறந்த கார் என்பதற்காக வாங்கினாய். அதன் கதை உனக்குத் தெரியுமா?

1926, 1927 இரண்டு ஆண்டுகளிலும் கிராண்ட் பிரீ கார்களின் எஞ்சின் ஒன்றரை லிட்டருக்கு மேல் போகக் கூடாது என்று விதி. ஃபியட்டின் பொறியாளர் திராங்குவில்லோ செர்பி அந்தச் சிறிய கொள்ளளவைப் பன்னிரண்டு சிலிண்டர்களாகப் பிரித்தார். ஆறு ஆறாக இரண்டு வரிசை, பக்கத்தில் பக்கத்தில். வரிசைக்கு ஒரு கிராங்க் ஷாஃப்ட், அதாவது பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டு, இரண்டையும் இணைக்கப் பல்சக்கரம். சிலிண்டரின் விட்டம் வெறும் 50 மில்லிமீட்டர். எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சூப்பர்சார்ஜரோடு நிமிடத்துக்கு 8500 சுற்றில் 187 குதிரைத்திறன் வந்தது. அந்தக் காலத்து உலோகத்தையும் எண்ணெயையும் வைத்துக்கொண்டு அந்த வேகத்தைத் தொட்டிருக்கிறார்கள்! வரைபடப் பலகையிலேயே வேலைக்காலத்தைக் கழித்த எனக்கு, அந்த இரண்டு ஷாஃப்டுகளின் மைய இடைவெளியை யார் எப்படிக் கணக்கிட்டிருப்பார் என்று நினைத்தாலே மனம் துள்ளுகிறது.

1927 செப்டம்பர் 4 அன்று மிலானுக்குப் பக்கத்திலிருக்கும் மோன்சா பந்தயத் தடத்தில் மழை. மிலான் கிராண்ட் பிரீ, 50 கிலோமீட்டர்தான். பியேத்ரோ போர்தினோ 806-ஐ ஓட்டினார். ஆல்ஃபா ரோமியோ பி2-இல் வந்த கம்பாரியைப் பின்னுக்குத் தள்ளி வென்றார். அதோடு முடிந்தது. ஃபியட் கிராண்ட் பிரீ பந்தயத்திலிருந்தே விலகியது, காரையும் அழித்துவிட்டார்கள். ஓர் எஞ்சினைக்கூட மிச்சம் வைக்கவில்லை. போர்தினோவும் அடுத்த ஏப்ரலில் அலெசாண்ட்ரியாவில் பயிற்சியின்போது நடந்த விபத்தில் இறந்துபோனார்.

இதைப் படித்த பிறகு என் கை வேலையே மாறிவிட்டது. ஓடுகிற காரின் மாதிரியைச் செய்கிறவர்களுக்குச் சந்தேகம் வந்தால், எங்காவது ஓர் அருங்காட்சியகத்தில் அசல் நிற்கும், போய்ப் பார்க்கலாம். இதற்கு அசல் இல்லை. பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள்தான் உண்டு. இத்தாலியப் பந்தயச் சிவப்பு என்கிறோம், ஆனால் அந்தச் சிவப்பு எவ்வளவு அடர்த்தி? கொஞ்சம் பழுப்பு கலந்ததை நான் தேர்ந்தெடுத்திருக்கிறேன். அந்தக் காலத்துப் பெயிண்ட்டுக்கு இன்றைய பளபளப்பு பொருந்தாது என்பது என் தீர்மானம்.

மிகக் கடினமான வேலை சக்கரம். மெல்லிய எஃகுக் கம்பியை ஒவ்வொன்றாக ஹப்பிலிருந்து ரிம்முக்குக் கோக்க வேண்டும். ஒரு கம்பி இறுகினால் எதிரில் இருப்பது தளர்கிறது. ஜிக்கில், அதாவது சக்கரத்தை அசையாமல் பிடிக்கும் சட்டத்தில், வைத்துக் கோத்தபிறகும் சுழற்றிப் பார்த்தால் லேசான ஆட்டம் இருக்கும். நம் தெருமுனை சைக்கிள் கடைக்காரர் கோட்டம் எடுப்பதைப் போலத்தான் நானும் எடுத்தேன். கண்ணை ரிம்மின் ஓரத்தில் நிறுத்தி, விலகுகிற இடத்தில் மட்டும் கம்பியைத் தொட்டு. அவசரப்பட்டால் ரிம்மே வளைந்துவிடும். ஒரு சக்கரம் ஆடாமல் சுழன்றபோது உன் அப்பாவைச் சமையலறையிலிருந்து கூப்பிட்டுக் காட்டினேன்.

உடல் தகடுகளுக்கு இன்னும் பெயிண்ட் அடிக்கவில்லை. ஐப்பசி மழை. காற்றில் ஈரம் இருக்கும்போது லேக்கர் அடித்தால் பால் படிந்தமாதிரி வெளுத்துப்போகும். பிரைமர் மேல் உப்புத்தாள் போட்டு மழமழவென்று ஆக்கி, தூசி படாமல் மூடி வைத்திருக்கிறேன். வெயில் நிலைக்கட்டும்.

எஞ்சினைத்தான் இப்போது செய்துகொண்டிருக்கிறேன். பானெட்டை மூடினால் தெரியப்போவதில்லை, எதற்கு மெனக்கெட வேண்டும் என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. என்னால் முடியாது. சிலிண்டரின் விட்டம் இந்த அளவில் 4 மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். ஆனாலும் அந்தக் காரில் உயிராக இருந்தது அதுதான். பானெட்டைக் கழற்றிப் பார்க்கும்படிதான் அமைக்கிறேன், குழாய்களுக்கெல்லாம் தனித்தனி உலோகச் சாயல் கொடுத்து.

இப்போது உன் விஷயம். 806-ஐ உருக்கியவர்களால் செர்பி கண்டுபிடித்ததை உருக்க முடியவில்லை, கண்ணு. ஏறக்குறைய நூறு ஆண்டுக்குப் பிறகு கோயம்புத்தூரில் ஒருத்தி அந்த இரட்டைக் கிராங்க் ஷாஃப்டைப் பார்த்து வியந்துகொண்டிருக்கிறாள். உன் கியர்பாக்ஸ் சாலைக்கு வராமல் போகலாம், அது எனக்கும் வருத்தம்தான். ஆனால் நீ போட்ட கணக்கு சரியான கணக்கு. பரிசோதனை மேசையில் அது ஓடியதை நீயே எனக்குக் காணொளியில் காட்டினாய், சத்தமே இல்லாமல் கியர் மாறியது. அதை வீண் என்று சொல்ல நான் விடமாட்டேன். வரைபடங்களையும் உன் குறிப்பேட்டையும் நிறுவனம் கேட்கிறபடி ஒழுங்காக ஒப்படை. ஒவ்வொரு தாளிலும் காரணத்தை எழுதி வை, இந்தப் பல்லுக்கு ஏன் இந்தக் கோணம் என்று. பின்னால் யாரேனும் அந்தக் கோப்பைத் திறக்கும்போது நீ அங்கே இருக்கமாட்டாய்.

எனக்கு ஓர் உதவி வேண்டும். உன் ஊரில் வியா கியாப்ரேரா தெருவில் சென்ட்ரோ ஸ்டோரிக்கோ ஃபியட் இருக்கிறது, நிறுவனத்தின் பழைய ஆவணங்களையும் படங்களையும் அங்கேதான் வைத்திருக்கிறார்கள். திறந்திருக்கும் நேரத்தைப் பார்த்துவிட்டுப் போ. 806-இன் பானெட் திறந்த படம் இருந்தால், புகைக்குழாய் எஞ்சினிலிருந்து கிளம்பும் இடத்தில் எப்படி வளைகிறது என்று கவனித்து எழுது. படம் எடுக்க அனுமதிக்காவிட்டால் பென்சிலால் வரைந்துகொண்டு வா, பக்கத்தில் அளவு குறிக்க மறக்காதே. அதுவரை அந்தக் குழாயை ஒட்டாமல் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா