அவன் தேடி வந்தது வேறொருவரை

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏற ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. எனக்கும் கண்ணில் புரை எடுத்த பிறகு எழுத்து நன்றாகத் தெரிகிறது. பதில் தாமதமானதற்குக் கண் காரணமில்லை. கடைசிப் பக்கத்தில் பேரனைப் பற்றி நான்கே வரி எழுதியிருந்தாய். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனாலே வயிறு வலிக்கிறது என்கிறான், டாக்டர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்கிறார், "வளர்ற பசங்கன்னா அப்படித்தாம்மா, நாலு பேரோட மோதித்தான் பழகணும்" என்று மகன் சொல்லிவிட்டான் என்று. அந்த நான்கு வரியைத்தான் ஒரு வாரமாகத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

ஏனென்றால் உன் கடிதம் வருவதற்குப் பத்து நாள் முன்னால் நம் பழைய மாணவன் ஒருவன் என் வீட்டுக்கு வந்திருந்தான். ஒன்பதாம் வகுப்பில், ஜன்னலோரம் மூன்றாவது பெஞ்சு. எழுந்து படிக்கச் சொன்னால் முதல் எழுத்திலேயே திக்கி நின்றுவிடுவானே, அவன்தான். பெயர் எழுத வேண்டியதில்லை, உனக்குத் தெரியும். பசங்க அவனுக்கு வைத்த பட்டப்பெயரும் ஞாபகம் இருக்கும். அதை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை. ஆசிரியர்கள் அறையில் நாமே அந்தப் பெயரைச் சொல்லி அவனைக் குறிப்பிட்டிருக்கிறோம். நானும் சொல்லியிருக்கிறேன்.

27 வருடம் ஆகிறது. முன்நெற்றியில் நரை விழுந்துவிட்டது. வாசலில் நின்று, "டீச்சர், என்னைத் தெரியுதா?" என்று கேட்டான். அந்த 'டீ'யில் லேசாகத் தட்டியது. அதை வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.

உட்காரவைத்துவிட்டு நான் உள்ளே போய்ச் சும்மா நின்றேன். அவனுடைய கட்டுரை நோட்டு அப்படியே கண்முன் வந்தது. உன்னிடம் இதை நான் சொன்னதே இல்லை. 'விடுமுறை நாட்கள்' என்று தலைப்புக் கொடுத்திருந்தேன். எல்லாரும் இரண்டு பக்கம் எழுதினார்கள். அவன் மூன்றே வாக்கியம் எழுதியிருந்தான். "விடுமுறை நாட்கள் எனக்குப் பிடிக்காது. பள்ளிக்கூட நாட்களும் பிடிக்காது. இரண்டுக்கும் நடுவில் நடந்து வரும் வழி பிடிக்கும்." நான் சிவப்பு மையில் பத்துக்கு மூன்று போட்டு, 'தலைப்பை ஒட்டி விரிவாக எழுதவும்' என்று எழுதிக் கொடுத்தேன். ஒரு பதினாலு வயதுப் பையன் தன்னால் முடிந்த அளவு தெளிவாகச் சொல்லிவிட்டான், வீட்டிலும் அடி, இங்கேயும் அடி என்று. நான் அதற்கு மதிப்பெண் போட்டேன்.

அதற்கு முன்னாலும் சொல்லியிருக்கிறான். மதிய இடைவேளையில் நூலகத்தில் உட்காரலாமா என்று என்னிடம் வந்து கேட்டான், இரண்டு மூன்று தடவை. "போய் மத்தவங்களோட விளையாடு, நல்ல காத்து கிடைக்கும்" என்று நான்தான் மைதானத்துக்கு அனுப்பினேன். மைதானத்தில் யார் காத்திருக்கிறார்கள் என்று யோசிக்கவே இல்லை.

ஒருநாள் கிழிந்த சட்டையோடு வந்தானே, அந்த ஐந்து பேரையும் அவனையும் வரிசையாக நிற்கவைத்துக் கைகொடுக்கச் சொல்லி சமாதானம் செய்துவைத்தோம். அவனும் 'ஸாரி' சொல்ல வேண்டியிருந்தது. எதற்கு? அன்று அது நியாயமாகத் தெரிந்தது. சண்டை என்றால் இரண்டு பக்கமும் தப்பு இருக்கும் என்று நினைத்தோம்.

ஓய்வு பெற்ற பிறகு, மனநல ஆலோசகராக இருக்கும் என் மருமகளிடமிருந்து புத்தகங்கள் வாங்கிப் படிக்க ஆரம்பித்தேன். நார்வேயில் வேலை பார்த்த டான் ஓல்வியஸ் என்ற உளவியலாளர் இதைப் பல வருடம் ஆராய்ந்திருக்கிறார். புல்லியிங் என்று இப்போது எல்லாரும் சொல்கிறார்களே, அதற்கு மூன்று அடையாளம் சொல்கிறார்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, அப்புறம் இரண்டு பக்கத்துக்கும் பலம் சமமாக இல்லாதது. மூன்றாவதைப் படித்தபோதுதான் அந்தக் கைகுலுக்கல் எனக்கு உறைத்தது. ஐந்து பேர் ஒரு பக்கம், வாயில் வார்த்தை வராத ஒருவன் ஒரு பக்கம். அதைச் சண்டை என்று எப்படிச் சொன்னோம்? அடித்தவனும் அடிபட்டவனும் சமம் என்று பெரியவர்களே சொல்லிவிட்டால், அப்புறம் அடிப்பவனுக்கு என்ன பயம்?

நார்வேயில் 1982 கடைசியில் 10 முதல் 14 வயதுக்குள் இருந்த மூன்று பையன்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். கூடப் படிப்பவர்களின் கொடுமை தாங்காமல்தான் என்று நம்பப்பட்டது. நாடே அதிர்ந்துபோய், மறு வருடமே எல்லாப் பள்ளிகளிலும் இதற்கென்று இயக்கம் தொடங்கினார்கள். பெர்கன் நகரப் பகுதியில் 42 பள்ளிகளைச் சேர்ந்த சுமார் 2,500 பிள்ளைகளை ஓல்வியஸ் இரண்டு வருடத்துக்கு மேல் கவனித்தார். கொடுமை ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. செய்ததில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. இடைவேளையில் பெரியவர்கள் மைதானத்தில் நின்று கவனித்தார்கள். இது கூடாது என்று வகுப்பில் பேசி விதி வைத்தார்கள். அடித்த பிள்ளையிடமும் அடிபட்ட பிள்ளையிடமும் உட்கார்ந்து பேசினார்கள். இதெல்லாம் நம்மால் முடியாத காரியமா? அந்த இடைவேளையில் நாம் உள்ளே உட்கார்ந்து மின்விசிறிக்குக் கீழே பேசிக்கொண்டிருந்தோம்.

வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். இதை எழுதுவதுதான் கஷ்டமாக இருக்கிறது. வீட்டுப்பாடம் முடிக்கவில்லை என்று அவன் அப்பாவை வரச்சொல்லி ஆள் அனுப்பியது நான். வந்தார், பணிவாகப் பேசினார், "நீங்க நாலு போடுங்க டீச்சர், நான் கேக்க மாட்டேன்" என்றார். அக்கறையுள்ள மனிதர் என்று நினைத்தேன். மறுநாள் அவன் முழுக்கைச் சட்டை போட்டு மணிக்கட்டுவரை பொத்தான் மாட்டிக்கொண்டு வந்தான். புழுங்குகிற நாள். நான் பார்த்தேன். ஏன் என்று கேட்கவில்லை.

நம் எல்லாரிலும் கேட்டவள் நீ ஒருத்திதான். உன்னிடம் அவன் சொன்னான், பெல்ட்டால் அடிப்பதையும் ராத்திரி வெளியே நிறுத்திக் கதவைச் சாத்துவதையும். நீ நேராகத் தலைமையாசிரியரிடம் போனாய். அவர் அப்பாவை வரவழைத்தார். அப்பா பக்கத்தில் நிற்க, "உங்க அப்பா உன்னை அடிக்கிறாரா?" என்று அவனைக் கேட்டார். அவன் தரையைப் பார்த்துக்கொண்டே, "இல்ல சார், நான் பொய் சொன்னேன்" என்றான். அதோடு முடிந்தது. 'பொய் சொல்கிறவன்' என்ற பெயரும் அவனோடு சேர்ந்துகொண்டது. நீ அன்று அழுதது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதற்கப்புறம் நீயும் அவனிடம் பேசவில்லை. உன்னைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. உனக்கும் அன்று யாரும் துணை நிற்கவில்லை. நானே நிற்கவில்லை.

அமெரிக்காவைச் சேர்ந்த ரோலண்ட் சம்மிட் என்ற மனநல மருத்துவர் 1983-இல் எழுதிய கட்டுரை ஒன்றைப் படித்தேன். பாலியல் கொடுமைக்கு ஆளான குழந்தைகள் எப்படி நடந்துகொள்வார்கள் என்பதைப் பற்றியது. முதலில் ரகசியம், அப்புறம் கையறு நிலை, அதோடு ஒத்துப்போய்விடுவது, ரொம்ப நாள் கழித்து நம்ப முடியாதபடி தட்டுத்தடுமாறிச் சொல்வது, கடைசியில் சொன்னதைத் தானே மறுப்பது. நம் பையன் விஷயம் வேறு வகைதான். ஆனால் அந்தக் கடைசிப் படியைப் படித்ததும் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். சொன்ன பிறகு அவனுக்குக் கிடைத்தது என்ன? அதே வீடு, அதே அப்பா, இன்னும் அதிகக் கோபம். அன்று ராத்திரி யாரோடு போயாக வேண்டுமோ அவர் முன்னாலேயே கேட்டால் எந்தப் பிள்ளை ஆமாம் என்று சொல்லும்?

நான் இத்தனை நாள் எனக்குள்ளே சொல்லிக்கொண்டிருந்த சமாதானம் ஒன்று உண்டு. எனக்கு முழுசாகத் தெரியாது என்பது. யோசித்துப் பார்த்தால் யாருக்குமே முழுசாகத் தெரியாது. எனக்கு நோட்டும் முழுக்கைச் சட்டையும் தெரியும். விளையாட்டு ஆசிரியருக்கு முதுகில் இருந்த தடம் தெரியும், உடை மாற்றும்போது பார்த்ததாக அவரே சொல்லியிருக்கிறார். அவன் பாட்டிக்கு ராத்திரிச் சத்தம் தெரியும். பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும். மற்றவர்கள் யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று ஒவ்வொருவரும் இருந்துவிட்டோம். ஜான் டார்லி, பிப் லதானே என்ற இரண்டு உளவியலாளர்கள் 1968-இல் வெளியிட்ட சோதனை இதே விஷயம்தான். இன்னொரு அறையில் ஒருவர் வலிப்பு வந்து தவிப்பதுபோல இன்டர்காம் வழியாகக் கேட்கிறது. தான் ஒருவர் மட்டுமே கேட்கிறோம் என்று நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர் அந்தக் குரல் அடங்குவதற்குள் எழுந்து போய் உதவி கேட்டார்கள். இன்னும் நான்கு பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தவர்களில் 31 சதவீதம் பேர்தான் அதற்குள் போனார்கள். போகாதவர்களுக்கு மனசே இல்லை என்று சொல்ல முடியாது, கை நடுங்க உட்கார்ந்திருந்தார்களாம். நாமும் அப்படித்தான், 'பாவம் அந்தப் பையன்' என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்திருந்தோம்.

சரி, அவன் வந்ததைச் சொல்கிறேன். தண்ணீர் கொடுத்தேன். என்னால் வேறு பேச்சை ஆரம்பிக்க முடியவில்லை. "எனக்கு அப்பவே தெரியும்ப்பா. தெரிஞ்சும் கேக்கல" என்று சொல்லிவிட்டேன். அவன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "உங்களுக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும் டீச்சர்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அப்பா கொடுத்த அடியை விட அதுதான் ரொம்ப நாள் தூங்கவிடாமல் இருந்தது என்றான். யாருக்கும் தெரியாது என்றால் ஒருநாள் தெரிந்ததும் வந்து காப்பாற்றுவார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கலாம். எல்லாருக்கும் தெரியும் என்று புரிந்த பிறகு, தன்னிடம்தான் ஏதோ கோளாறு என்று தோன்றிவிட்டதாம். மன்னிப்புக் கேட்டேன். தலையை ஆட்டினான். மன்னித்தானா என்று தெரியவில்லை, கேட்கவும் எனக்கு உரிமை இல்லை.

பத்தாவது பாதியில் பள்ளியை விட்டானே, அப்புறம் ஒரு அத்தை வீட்டில் தங்கி வேலை பார்த்துக்கொண்டே படித்திருக்கிறான். இப்போது ஒரு பெண் குழந்தை, ஆறு வயது.

ஆனால் அவன் என்னைப் பார்க்க வரவில்லை, தெரியுமா? நம் லேப் உதவியாளரைத் தேடி வந்திருக்கிறான். இடைவேளையில் தினமும் அவனை லேபுக்குள் சேர்த்துக்கொண்டு, உள்ளே தாழ்ப்பாள் போட்டுவிட்டு, கண்ணாடிக் குடுவைகளைக் கழுவச் சொல்லிப் பக்கத்தில் நின்று துடைத்திருக்கிறார். ஒன்றரை வருடம்! நமக்கு யாருக்கும் தெரியாது. "என்கிட்ட ஒண்ணும் கேக்க மாட்டார் டீச்சர். நானா பேசினா, நான் சொல்லி முடிக்கிறவரைக்கும் காத்திருப்பார். நடுவுல வார்த்தையை எடுத்துக் குடுக்க மாட்டார்" என்றான். அத்தையின் முகவரியைக் கண்டுபிடித்துக் கடிதம் போட்டதும் அவர்தானாம்.

ஹவாயில் கவாய் என்ற தீவில் எம்மி வெர்னர் என்ற பெண்மணி, 1955-இல் பிறந்த 698 குழந்தைகளைப் பெரியவர்களாகும்வரை பின்தொடர்ந்து ஆராய்ந்தார். வறுமை, குடி, சண்டை என்று எல்லாக் கஷ்டமும் சூழ வளர்ந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குப் பேர் நல்லபடியாகத் தலையெடுத்தார்கள். அவர்களுக்குப் பெரும்பாலும் பெற்றோராகவே இருக்க வேண்டும் என்றில்லாத, ஒரு தாத்தா பாட்டியோ ஆசிரியரோ பக்கத்து வீட்டுக்காரரோ, விடாமல் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் இருந்திருக்கிறார். இதை எழுதும்போது நான் நினைத்தது உன்னை. பேரனுக்கு நீ இருக்கிறாய்.

மகன் சொல்வதை விடு. பேரனிடம் யாராவது உன்னை அடிக்கிறார்களா என்று நேராகக் கேட்டால் இல்லை என்றுதான் சொல்வான். இடைவேளையில் எங்கே உட்காருவாய், யாரோடு சாப்பிடுவாய், எந்த வழியாக வருவாய், எந்த நேரம் ரொம்ப மெதுவாகப் போகிறது என்று கேள். ஒரே நாளில் எல்லாம் கேட்காதே. 'நீ என்ன பண்ணினே?' என்று மட்டும் கேட்டுவிடாதே. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்யாதே, அதைக் காப்பாற்ற முடியாது. யாரிடம் சொல்லப் போகிறாய், எப்போது என்று அவனிடம் முதலில் சொல்லிவிட்டுப் போ. தேதி போட்டு எழுதிவைத்துக்கொண்டு மகனையும் அழைத்துக்கொண்டு பள்ளிக்குப் போ. கைகொடுக்கவைத்து அனுப்பினால் ஒத்துக்கொள்ளாதே. அடுத்த வாரமும் போ, அதற்கடுத்த வாரமும் போ. நாம் ஒரு தடவை கேட்டுவிட்டு நிறுத்திக்கொண்டோமே, அதை மட்டும் மறுபடியும் செய்யாதே.

இன்னொரு உதவி வேண்டும். லேப் உதவியாளர் ஓய்வு பெற்ற பிறகு மகள் வீட்டுக்குப் போனார் என்பது வரைக்கும்தான் எனக்குத் தெரியும். அந்த மகள் உன் வகுப்பில் படித்தவள் இல்லையா? அவளுடைய போன் நம்பர் உன்னிடமோ வேறு யாரிடமோ இருந்தால் வாங்கி அனுப்பு. அவருக்கு இப்போது எண்பதை நெருங்கும். இரண்டு நாளுக்கு ஒருமுறை அவன் போன் செய்து, "கிடைச்சுதா டீச்சர்?" என்று கேட்கிறான்.

அன்புடன்,
உன் பழைய தோழி