சபிக்கப்பட்ட கவசமும் இரட்டிப்பான அடியும்: விதிக்குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

நம் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டக்கூடத்தின் மதிப்பிற்குரிய விதிக்குழுவினருக்கும், வாரந்தோறும் ஆட்ட மேசைகளை நடத்தித் தீர்ப்பும் சொல்லும் டன்ஜன் மாஸ்டர்களுக்கும் வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை மலை அரக்கனோடு நடந்த சண்டையில் எங்கள் குழுவின் ஃபைட்டர், அதாவது ஓர் ஆட்டக்காரரின் போர்வீரக் கேரக்டர், இறந்ததையும், அதையொட்டி மேசையில் எழுந்த வாக்குவாதத்தையும் நீங்கள் அறிவீர்கள். தீர்ப்புச் சொன்ன மாஸ்டர்மீது எனக்குத் தனிப்பட்ட மனத்தாங்கல் ஏதும் இல்லை. ஆனால் அந்தத் தீர்ப்பு தவறு. அதே கேள்விக்கு நம் கூடத்தின் ஒவ்வொரு மேசையிலும் ஒவ்வொரு விடை கிடைக்கிறது என்பது அதைவிடப் பெரிய குறை. ஒரே வகைச் சேதத்தைப் பாதியாக்கும் எதிர்ப்புகள் பலவும், அவற்றோடு அதை இரட்டிக்கும், சாபத்தால் வந்த பலவீனமும் ஒன்றாகச் சேரும்போது எப்படிக் கணக்கிடுவது என்பதை எழுத்தில், எல்லா மேசைகளுக்கும் பொதுவாக, நீங்கள் அறிவிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

அந்த ஃபைட்டர் அணிந்திருந்தது ஆர்மர் ஆஃப் வல்னரபிலிட்டி. வெட்டு, குத்து, மொத்தடி ஆகிய மூன்றில் ஒன்றுக்கு எதிர்ப்பைத் தந்துவிட்டு மற்ற இரண்டுக்கும் பலவீனத்தைச் சுமத்துகிற சாபக்கவசம் அது. அவருக்கு வெட்டுக்கு எதிர்ப்பு கிடைத்தது. குத்திலும் மொத்தடியிலும் இருமடங்குச் சேதம். கவசத்தைக் கழற்றினாலும் சாபம் போகாது. சாபம் நீக்கும் ரிமூவ் கர்ஸ், ஐந்தாம் லெவலில்தான் கிடைக்கும் மூன்றாம் நிலை மந்திரம் என்பதால், நான்காம் லெவலில் இருந்த என் கேரக்டரான கிளெரிக்குக்கு (மந்திரம் போடும் பூசாரிக்கு) அது இன்னும் ஒரு லெவல் தொலைவில் இருந்தது. கையில் இருந்த ஒரே வழி வார்டிங் பாண்ட் என்னும் பிணைப்பு மந்திரம். தலா ஐம்பது பொன் பெறுமானமுள்ள பிளாட்டினம் மோதிரங்கள் இரண்டை வாங்கி ஆளுக்கொன்றாக அணிந்தோம். அந்த மந்திரம் அவருக்கு எல்லாச் சேதத்துக்கும் எதிர்ப்பைத் தரும். அதற்கு விலையாக, அவர் வாங்குகிற அளவு சேதத்தை நானும் வாங்குவேன்.

அரக்கனின் கதாயுதம் 23 மொத்தடிச் சேதம் கொடுத்தது. ஃபைட்டருக்கு 31 ஹிட் பாயிண்டுகள் (தீர்ந்தால் நினைவிழக்கச் செய்யும் உயிர்ப்புள்ளிகள்), எனக்கு 27. விதிப்படி 23-ஐ முதலில் பாதியாக்கிக் கீழ்நோக்கி முழுமையாக்கினால் 11. பிறகு பலவீனத்துக்காக இரட்டித்தால் 22. அவர் 9 ஹிட் பாயிண்டுகளோடும் நான் ஐந்தோடும் நின்றிருப்போம். மாஸ்டரோ, சாபத்தின் பலவீனம் எதிர்ப்பை ரத்து செய்துவிடும் என்று கூறி 46 என்று அறிவித்தார். ஃபைட்டர் சரிந்தார், பிணைப்பின் வழியாக அதே 46-ஐ வாங்கிய நானும் சரிந்தேன், பிணைப்பும் அறுந்தது. அரக்கனுக்கு இன்னோர் அடி பாக்கியிருந்தது. நினைவிழந்து கிடப்பவர்மேல் ஐந்தடிக்குள் நின்று அடித்தால், பட்ட அடி கிரிட்டிகல், அதாவது கூடுதல் சேதம் தரும் அடி. பிணைப்பு இல்லாத நிலையில் அதைச் சாபத்தின் பலவீனத்துக்காக இரட்டித்தது சரிதான். அந்தச் சேதம் அவருடைய உச்ச ஹிட் பாயிண்டுகளைத் தாண்டியதால், உயிர் தப்புவதற்கான டெத் சேவ் பகடையை உருட்டுவதற்குக்கூட இடமில்லாமல் உடனடி மரணம். முதல் கணக்கு சரியாக நடந்திருந்தால் நின்றுகொண்டிருந்தவருக்கு அந்தக் கிரிட்டிகல் தானாக வந்திராது, பிணைப்பும் அறுந்திராது. அந்த ஃபைட்டரை ஆடியவர் ஆட்டத்துக்குப் புதியவர், கல்லூரி மாணவர். தன் கேரக்டரின் தாளை எடுத்து மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் போனார்.

எங்கள் பக்க நியாயத்தை மட்டும் பேச நான் வரவில்லை. இதே கவசத்தோடும் இதே மந்திரத்தோடும் ஆடிய ஒருவருக்கு வேறொரு மேசையில் 24 வெட்டுச் சேதம் 6 ஆனது. கவசத்துக்கு ஒரு பாதி, மந்திரத்துக்கு இன்னொரு பாதி என்று இரண்டு முறை வகுத்திருக்கிறார்கள். அதுவும் தவறுதான். ஒரே வகைச் சேதத்துக்கு எத்தனை எதிர்ப்புகள் இருந்தாலும் அவை ஒன்றாகவே கொள்ளப்படும் என்று 2014-ஆம் ஆண்டின் விதிநூலான பிளேயர்ஸ் ஹேண்ட்புக் சொல்கிறது. பலவீனத்துக்கும் அதே விதி. எனவே அங்கே வந்திருக்க வேண்டியது 12. கூட்டல் கழித்தல்கள் முதலில், எதிர்ப்பு அடுத்து, பலவீனம் கடைசியில் என்னும் வரிசையையும் அதே நூல் தருகிறது. 2024-ஆம் ஆண்டுப் பதிப்பு இந்த வரிசையை மாற்றவில்லை. எல்லாச் சேதத்துக்கும் எதிர்ப்பும் நெருப்புக்குப் பலவீனமும் உடைய ஓர் உயிரினத்தை எடுத்துக்கொண்டு, 28 நெருப்புச் சேதத்தில் ஐந்தைக் கழித்து 23, பாதியாக்கி 11, இரட்டித்து 22 என்று படிப்படியாகக் காட்டுகிறது. ஞாயிறன்று எங்கள் மேசையில் தேவைப்பட்டதும் அதே 23-தான். நூல் மேசைமேலேயே இருந்தது, திறந்து பார்க்க நேரமில்லை என்றார்கள்.

ஓநாய்மனித சாபம் பெற்ற பார்பேரியன் என்னும் முரட்டுப் போர்வீரக் கேரக்டருக்கும் இதே கதிதான். 2014 விதிகளின்படி, மந்திரமற்ற, வெள்ளி பூசாத ஆயுதத் தாக்குதல்களின் வெட்டு, குத்து, மொத்தடியிலிருந்து அவருக்கு முழுக் காப்பு உண்டு. வெள்ளி வாளுக்கு அந்தக் காப்பு விலகும். ஆனால் பார்பேரியனின் ரேஜ் என்னும் போர்வெறி தரும் எதிர்ப்பு எங்கே போகிறது? ஆயுதம் எதனால் ஆனது என்று ரேஜ் கேட்பதில்லை. வெள்ளி வாளின் சேதத்தையும் அது பாதியாக்கும். நாற்பதடி உயரத்திலிருந்து விழுந்தால் அது தாக்குதல் அல்ல என்பதால் சாபத்தின் காப்பு உதவாது, 4டி6 (நான்கு ஆறுமுகப் பகடைகள்) மொத்தடி உண்டு. அப்போதும் ரேஜில் இருந்தால் பாதிதான். ஒவ்வொரு காப்பையும் அதனதன் வாசகத்தை வைத்துத் தனித்தனியே பார்த்தால் குழப்பத்துக்கு இடமே இல்லை. 2003-இல் வந்த 3.5 பதிப்பில்கூட, கடிபட்டு ஓநாய்மனிதரானவரின் 5/வெள்ளி (வெள்ளி ஆயுதம் தவிர மற்ற அடிகளில் ஐந்து குறையும்) என்னும் சேதக் குறைப்பையும் பார்பேரியனின் 1/- (எந்த ஆயுதத்தின் அடியிலும் ஒன்று குறையும்) என்னும் குறைப்பையும் யாரும் கூட்டியதில்லை. அந்த அடிக்கு எது மேலோ அது நின்றது, மற்றது இல்லாமற்போகவில்லை.

சாபம் என்றாலே ஆட்டக்காரர் ஏதோ குற்றம் செய்துவிட்டார், அதற்குத் தண்டனை கூடுதலாக இருக்கட்டும் என்கிற மனப்பான்மை நம் மேசைகளில் வளர்ந்துவருவது எனக்கு வருத்தம் தருகிறது. சாபத்தின் விலை நூலில் எழுதப்பட்டிருக்கிறது. அந்த விலையைக் கொடுக்க நாங்கள் தயங்கியதில்லை. எழுதப்படாத விலையைச் சண்டையின் நடுவே கேட்பது நியாயமாகாது. எந்தப் பதிப்பில் ஆடுகிறோம் என்பதைத் தொடரின் தொடக்கத்தில் சொல்லாத மேசைகளும், வீட்டு விதிகளை யாராவது இறந்தபின் மட்டும் அறிவிக்கிற மேசைகளும் இருக்கின்றன. புதியவர்கள் நிலைப்பதில்லை என்று கூட்டந்தோறும் கவலைப்படுகிறோமே, அதற்கான காரணத்தை நாம் வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

சற்றுக் கடுமையாக எழுதிவிட்டேன் என்றால் பொறுத்தருளுங்கள். பல எதிர்ப்புகள் ஒன்றாகவே எண்ணப்படும், எதிர்ப்புக்குப் பிறகே பலவீனம், சாபம் பிற காப்புகளை ரத்து செய்யாது என்பதை ஒரு தாளில் எழுதி, அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் எல்லா மாஸ்டர்களுக்கும் தரும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அந்த மாணவரையும் அழைத்து, அரக்கனின் முதல் அடியை 22 என்று திருத்தி, அங்கிருந்து அந்தச் சண்டையை மீண்டும் ஆட எங்கள் மேசைக்கு அனுமதி தாருங்கள்.

இப்படிக்கு,
அந்தக் குழுவின் கிளெரிக்